க்னின் ஊரின் மக்கள்தொகை: கேள்வி பதில்

க்னின், குரோஷியாவின் டால்மேஷிய உள்நாட்டில், தினாரா மலையடியில் கிர்கா ஆற்றங்கரையில் இருக்கும் சிறு நகரம்.

கேள்வி: ஐயா, 1991இல் 42,954 பேர், 2001இல் 15,190 பேர். பத்தே வருஷத்தில் ஊர் மூன்றில் ஒன்றாகிவிட்டதா?

பதில்: இந்த இரண்டு எண்களையும் ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கவே கூடாது. 42,954 பழைய க்னின் வட்டாரம் முழுவதற்குமான கணக்கு. பின்னால் அதிலிருந்து கிஸ்தான்யே, எர்வெனிக், கியேவோ, சிவ்ல்யானே, பிஸ்குபியா ஆகியவை தனி உள்ளாட்சிகளாகப் பிரிந்தன. 15,190 என்பது மிச்சமுள்ள 13 ஊர்களின் கணக்கு. நகரத்தில் மட்டும் 1991இல் இருந்தவர்கள் 12,331.

சரியாக ஒப்பிட வேண்டுமானால், இன்றைய 13 ஊர்ப் பெயர்களையும் எழுதிக்கொண்டு, 1991இன் ஊர்வாரிப் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடிக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையை 2001இன் எண்ணோடு வைத்துப் பாருங்கள். வழுக்கும் இடம் பெயர்கள்தான். வர்போல்யே என்ற ஊர் க்னின் பக்கம் ஒன்று, ஷிபெனிக் பக்கம் ஒன்று, ஸ்லவோனியாவில் ஒன்று. கோலுபிச் ஒப்ரோவாட்ஸ் பக்கமும் உண்டு. எந்த வட்டாரம் என்று பார்க்காமல் எண்ணை எடுக்காதீர்கள்.

கேள்வி: குரோஷிய மன்னர் ஸ்வோனிமிர் காலத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்?

பதில்: அவர் முடிசூடியது 1076இல். அந்தக் காலத்துக்குத் தலைக்கணக்கு கிடையாது. நவீன கணக்கெடுப்பு 1857இல் ஆஸ்திரியர் ஆட்சியில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் யாராவது துல்லியமாக எண் சொன்னால் ஏற்காதீர்கள்.

கேள்வி: 1991இல் செர்பியர் 88% என்கிறார் ஒருவர், 80% என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: இரண்டும். வட்டாரத்தில் 42,954 பேரில் 37,888. நகரத்தில் 12,331 பேரில் 9,867. இதுவும் எல்லைச் சிக்கலே.

கேள்வி: இதிலிருந்தே முதலில் குடியிருந்தது செர்பியர்தான் என்று தெரியவில்லையா?

வேறொருவர்: தவறு, அது குரோஷிய மன்னர்களின் ஊர்!

பதில்: இருவருமே கணக்கெடுப்பு சொல்லாததைச் சொல்லவைக்கிறீர்கள். 1522இல் ஒட்டோமானியர் பிடித்தபோதும், 1688இல் வெனிசியர் பிடித்தபோதும் குடிகள் பெருமளவில் மாறினார்கள். வந்து குடியேறிய மேய்ப்பர்களில் கத்தோலிக்கரும் இருந்தார்கள், ஆர்த்தடாக்ஸ் சபையினரும் இருந்தார்கள். ஆஸ்திரியக் கணக்கு மதத்தைக் கேட்டது, 1880 முதல் பேச்சுமொழியையும் கேட்டது. தேசிய இனத்தைக் கேட்கவில்லை. மதத்தை இனமாக மாற்றி எழுதி, அதைப் பதினேழாம் நூற்றாண்டுவரை பின்னால் இழுப்பது ஆதாரமில்லாத வேலை.

கேள்வி: அப்படிச் சொல்லி 1995ஐ மூடி மறைக்கிறீர்களா?

பதில்: இல்லை. 1991–95 போரில் நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன். 1991 ஆகஸ்டில் கியேவோவின் குரோஷியர் விரட்டப்பட்டார்கள். 1995 ஆகஸ்ட் 5 அன்று குரோஷியப் படை, அதுவரை செர்பியர் வசமிருந்த க்னினுக்குள் நுழைந்தது. அந்தப் பகுதியின் செர்பியரில் மிகப் பெரும்பாலோர் வெளியேறினார்கள். காலியான வீடுகளுக்குப் பொஸ்னியாவிலிருந்து வந்த குரோஷிய அகதிகள் பலர் வந்தார்கள். 2001இல் குரோஷியர் 76.5%, செர்பியர் 20.8%. போனவர் எத்தனை, வந்தவர் எத்தனை என்பதை அந்த எண் காட்டாது. எஞ்சிய கூட்டுத்தொகையைத்தான் காட்டும். அதனால்தான் 15,190 என்ற ஒற்றை எண்ணை வைத்து யாருடைய துயரத்தையும் அளக்க முடியாது.

கேள்வி: 2011இல் 15,407. ஊர் மீண்டுவிட்டதா?

பதில்: 217 பேர் கூடியதை வளர்ச்சி என்று எழுதாதீர்கள். வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் இருந்தாலும் வீட்டோடு நெருங்கிய தொடர்புள்ளவர்களை 2001 சேர்த்துக்கொண்டது. 2011 விதியை இறுக்கியது. இரண்டும் ஒரே விதியில் எடுத்தவை அல்ல, அதனால் நேராக ஒப்பிட முடியாது.

கேள்வி: அங்கே வீடு வாங்கலாமா?

பதில்: நிலப்பதிவேட்டைப் பார்க்கத் தெரிந்த உள்ளூர் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேள்வி: 42,954 எப்படி 15,190 ஆனது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். எல்லை மாறியது, அதோடு 1995இல் மக்களும் வெளியேறினார்கள்.

கேள்வி: 2021?

பதில்: 11,633. பத்தாண்டில் ஏறக்குறைய கால்வாசி போயிற்று. நாடு முழுக்க இழப்பு 9.6% தான். இந்த முறை எல்லையைக் காரணம் காட்ட முடியாது, அதே 13 ஊர்கள்தான். 1888இல் ரயில் வந்த சந்திப்பு ஊர் இது, திருகாணி ஆலை இருந்த ஊர். போருக்குப் பின் அந்த வேலைகள் சுருங்கின. 2013இல் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின் இளைஞர்களுக்கு ஜெர்மனி, அயர்லாந்து வழி திறந்தது.