நாலு பேர் குடும்பம், ரெண்டு சீட் விமானம்

இந்த வாரம் பதிலுக்கு எடுத்துக்கொண்ட கடிதங்கள் எல்லாம் ஒரே சங்கதி. குட்டி விமானம் ஓட்டுகிற பிள்ளைகள் நம் குடும்பங்களில் பெருகிவிட்டார்கள் போல!

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் மகன் ‘லைட் ஸ்போர்ட்’ என்று ஒரு சின்ன விமானம் வாங்கியிருக்கிறான். மே மாதம் நாங்கள் போகிறோம். சனி ஞாயிறு ஆனால் உங்கள் ரெண்டு பேரையும் பேத்தியையும் எங்கேயாவது கூட்டிப்போகிறேன் என்கிறான். இவர் இப்போதே தொப்பி வாங்கிவிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஏறலாமா?
- வாசகி, அண்ணா நகர்

பதில்: ஏறலாம், ஆனால் எல்லாரும் ஒன்றாக இல்லை. அமெரிக்காவில் 2004ல் இந்த வகை விமானத்துக்கு இலக்கணம் வகுத்தபோது அதிகபட்சம் ரெண்டு சீட், ஆட்கள் பெட்ரோல் எல்லாம் சேர்த்து 600 கிலோ, வேகம் 120 நாட், அதாவது மணிக்கு சுமார் 220 கிலோமீட்டர் என்று வைத்தார்கள். அதனால் மகன் ஓட்ட, பக்கத்தில் ஒருவர், அவ்வளவுதான். 2025ல் விதிகளைத் தளர்த்தி, ‘ஸ்போர்ட் பைலட்’ லைசென்ஸ் உள்ளவர்கள் நாலு சீட் விமானம்கூட ஓட்டலாம் என்று ஆக்கினார்கள். ஆனாலும் கூட ஏற்றிக்கொள்ள ஒரே ஒரு பயணிதான். அவனிடம் எந்த லைசென்ஸ் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஸ்போர்ட் லைசென்ஸுக்குக் குறைந்தது 20 மணி நேரம் பறந்திருந்தால் போதும், பிரைவேட் பைலட் லைசென்ஸுக்கு 40. இது குறைந்தபட்சக் கணக்குதான். லைசென்ஸ் வாங்கிய பிறகு எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறான், அதே விமானத்தில் எத்தனை என்பதையும் கேட்டுவிடுங்கள், அம்மா கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டான்.

பயத்துக்கு ஒரு ஆறுதல் சொல்கிறேன். இந்த விமானங்கள் மெதுவாக இறங்குபவை, மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில்கூடக் காற்றில் நிற்கும். நடுவானில் இஞ்சின் நின்றால் கல் மாதிரி விழாது, சறுக்கிக்கொண்டு வரும், 3,000 அடி உயரத்தில் இருந்தால் எட்டு ஒன்பது கிலோமீட்டருக்குள் இறங்க ஒரு வயல் தேடிக்கொள்ள நேரம் இருக்கும். சிலவற்றில் விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட்டும் உண்டு, அவனுடையதில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்காக பஸ் மாதிரிப் பத்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். ஓட்டுகிறவனின் நிதானம்தான் பாதிப் பாதுகாப்பு.

கேள்வி: அமெரிக்காவில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தோம். அவனுடைய ரெண்டு சீட் விமானத்தில் ஏறுவதற்கு முன் என்னை எடை மெஷினில் நிற்க வைத்தான். கொண்டுபோன முறுக்கு டப்பாவைக்கூடத் தூக்கிப் பார்த்தான். சொந்த அக்காவிடம் இப்படியா?
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: தம்பி நல்ல விமானி. கணக்கைப் பாருங்கள். மொத்தம் 600 கிலோ என்றால் விமானத்தின் காலி எடையே 360 சொச்சம் வந்துவிடும். மிச்சம் 240. அவர் 80, நீங்கள் 70 என்று வைத்துக்கொண்டால் (கூடக் குறைய இருந்தால் நான் கேட்கவில்லை) 90 கிலோ மிச்சம். நூறு லிட்டர் பெட்ரோல் நிரப்பினால் அதுவே 72 கிலோ. பாக்கி 18 கிலோவில் ரெண்டு நாள் துணி, தண்ணீர், கேமரா, முறுக்கு. அவர் 95 கிலோ ஆசாமியாக இருந்தால் பாக்கி மூணே கிலோ, மூட்டை வேண்டும் என்றால் டேங்கைக் குறைத்து நிரப்பி, வழியில் இறங்கி ஊற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். கார் டிக்கியில் இன்னும் ஒரு மூட்டையைத் திணிக்கிற பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியது, இங்கே அது ஆகாது. மொத்த எடை மட்டும் இல்லை, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம், பின்னால் பாரம் கூடினால் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு, விமானம் சொன்ன பேச்சு கேட்காது.

வெயிலும் ஒரு எடைதான். சூடான காற்று மெலிந்துபோவதால் இறக்கைக்குத் தாங்கல் குறையும், இஞ்சினுக்கும் தெம்பு குறையும், ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓடித்தான் எழும்பும். அக்னி நட்சத்திர மதியத்தில் நாம் எப்படி மாடிப்படி ஏறுகிறோமோ அப்படி. டெக்சாஸ் கோடையும் அதற்குச் சளைத்தது இல்லை, அண்ணா நகர் வாசகி கவனிக்க, விடியற்காலையில் கிளம்புங்கள்.

கேள்வி: ஐடி வேலை, கையில் கொஞ்சம் சேமிப்பு. சென்னையில் இப்படி ஒரு விமானம் வாங்கி, சனிக்கிழமை காலை மனைவியோடு பாண்டிச்சேரி போய் டிபன் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் திரும்ப ஆசை. நடக்குமா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: நடக்காது என்று சொல்ல மனசு வரவில்லை. நேர்கோட்டில் மீனம்பாக்கத்திலிருந்து லாஸ்பேட்டை விமான நிலையம் சுமார் 120 கிலோமீட்டர், நூறு நாட் வேகத்தில் நாற்பது நிமிடம். பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகம் (என்ஏஎல்) செய்த ரெண்டு சீட் ஹன்சா-என்ஜி 2022 பிப்ரவரியில் அங்கிருந்து புதுச்சேரிக்கு ஒன்றரை மணி நேரத்தில் பறந்து வந்து, கடல்மட்டத்தில் எப்படி ஓடுகிறது என்ற சோதனையை மார்ச் தொடக்கத்தில் முடித்தது. எனவே விமானத்தால் முடியும். கஷ்டம் எல்லாம் தரையில்.

ஈசிஆர் மேலேயே, கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று நினைப்பீர்கள். வழியில் கல்பாக்கம், அணுமின் நிலையத்துக்கு மேலே பறக்கக் கூடாது. இந்தப் பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம், அந்தப் பக்கம் அரக்கோணத்தில் கடற்படைத் தளம், நடுவில் பெரிய விமானங்கள் வரிசை கட்டி இறங்கும் மீனம்பாக்கம். புறப்படுமுன் பயணத் திட்டம் கொடுத்து, வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டும். கண்ணால் பார்த்துப் பறக்கும் முறையில் இருட்டுவதற்குள் தரையில் இருக்க வேண்டும். மதியம் கடல்காற்று உள்ளே வரும்போது ஆட்டம் காட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, பாதி சனிக்கிழமைகள் போச்சு. இதையெல்லாம் முடித்து லாஸ்பேட்டையில் இறங்கி, ஆட்டோ பிடித்து பீச் ரோடு போவதற்குள், விடிகாலையில் காரில் கிளம்பிய உங்கள் மைத்துனர் ரெண்டாவது காபி குடித்துக்கொண்டிருப்பார்.

நேரம் மிச்சம் என்ற கணக்கில் வாங்காதீர்கள். பறப்பதற்காகப் பறக்க ஆசை என்றால் முதலில் ஒரு ஃப்ளையிங் கிளப்பில் சேருங்கள். பிரைவேட் பைலட் லைசென்ஸுக்கு 17 வயது, 40 மணி நேரப் பறப்பு, இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, ரேடியோ லைசென்ஸ் வேண்டும். அதில் வீட்டாரை ஏற்றிக்கொண்டு போகலாம், கட்டணம் வாங்கக் கூடாது. நாற்பது மணி நேரம் முடிந்தபிறகும் ஆசை மிச்சம் இருந்தால் வாங்குவதைப் பற்றி எழுதுங்கள்.

இந்த ஊருக்கு இந்த ஆசை புதுசும் இல்லை. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் 1910லேயே இங்கே விமானம் கட்டி ஓட்டிக் காட்டியவர். நாமோ உலகப் போர் காலத்து சோழவரம் ஓடுபாதையில் கார் ரேஸ் விட்டோம்.

கேள்வி: குட்டி விமானத்தில் பாத்ரூம் இருக்குமா?
- வாசகர், மயிலாப்பூர்

பதில்: இருக்காது. ஏறுமுன் காபி வேண்டாம். குழந்தைகளுக்குக் காதடைப்பு வந்தால் மிட்டாய் சப்பக் கொடுங்கள், சத்தத்துக்கு அவர்கள் அளவு ஹெட்செட் மாட்டுங்கள், ஒரு வாந்திப் பை கையில் இருக்கட்டும். மடியில் உட்கார வைக்கிற யோசனையை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஞாயிறு மாலை திரும்பும்போது வானிலை கெட்டால் என்ன செய்வது? திங்கட்கிழமை ஆபீஸ் இருக்குமே.
- வாசகர், பெரம்பூர்

பதில்: தங்கிவிட வேண்டும். சின்ன விமானத்தில் ‘எப்படியாவது போய்ச் சேரணும்’ என்ற அவசரத்தைப் போல ஆபத்து வேறு இல்லை. மேகத்துக்குள் பறக்கப் பயிற்சி இல்லாதவர் உள்ளே நுழைந்துவிட்டால் மேல் எது கீழ் எது என்று உடம்பு பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

கலிபோர்னியாவில் அக்கா மகனோடு ஒருமுறை அப்படிக் கிளம்பினேன். போகும்போது ஒரு மணி நேரம், கீழே மலையும் ஏரியும், ‘மாமா, நீங்க கொஞ்ச நேரம் பிடிங்க’ என்று ஸ்டிக்கைக் கொடுத்தான், நான் பிடித்ததும் அது வலது பக்கம் சாய்ந்ததும் தனிக் கதை. ஞாயிறு மத்தியானம் மேகம் தாழ்ந்து வந்தது. அரை மணிக்கு ஒருமுறை போனைப் பார்த்தான், வெளியே போய் வானத்தைப் பார்த்தான், நாலு மணிக்கு ‘இல்ல மாமா’ என்றான். எனக்கு மறுநாள் காலை ஒரு கல்யாண வரவேற்பு. விமானத்தை அங்கேயே கயிறு போட்டுக் கட்டிவிட்டு, வாடகைக் கார் எடுத்து ஐந்து மணி நேரம் ஓட்டினோம். வழி முழுக்க நான்தான் முணுமுணுத்தேன், அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை அவனும் அவன் நண்பனும் காரில் போய் அதைக் கூட்டிவந்தார்கள்.