85,000 ரூபாய் பேக்கேஜ் உங்கள் கடைக்கு வேண்டுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் 14 வருடமாக எலக்ட்ரிக்கல், பிளம்பிங் சாமான் கடை நடத்துகிறேன். வேலைக்கு இரண்டு பையன்கள். வருடத்துக்கு 70 லட்சம் போல வியாபாரம். ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் சிறு வியாபாரிகள் திட்டம்) இருக்கிறேன். கணக்கெல்லாம் நோட்டில்தான். கம்ப்யூட்டர், பில்லிங் சாஃப்ட்வேர், பார்கோடு ஸ்கேனர், பிரிண்டர் எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய் என்று ஒருவர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். மகளோ போனில் ஒரு ஆப் போதும் என்கிறாள். எதை வாங்குவது?

பதில்: மகள் சொல்வதில் பாதி சரி. மீதியைப் பேசுவதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு வேலை. கடன் நோட்டை எடுத்து, மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் பாக்கியை மட்டும் கூட்டிப் பாருங்கள். பிறகு பரணில் ஏறி, ஒரு வருடமாக அசையாமல் கிடக்கும் சரக்கு எவ்வளவுக்கு இருக்கும் என்று கண் மதிப்பாகக் கணக்குப் போடுங்கள். உங்கள் கடை போன்ற இடத்தில் பணம் முடங்குவது பெரும்பாலும் இந்த இரண்டு மூலைகளில்தான். பில்லை வேகமாகப் போட்டால் இரண்டுமே தீராது.

பாக்கிதான் பெரிது என்றால், காத்தாபுக் மாதிரி ஒரு கடன் கணக்கு ஆப் போதும். பிளம்பர் சரக்கு எடுத்தவுடன் அவர் பெயரில் தொகையைப் பதிந்தால் அவர் போனுக்குச் செய்தி போகும். "நான் எப்போ ரெண்டு பாக்கெட் பைப் எல்போ எடுத்தேன்?" என்ற மாதக்கடைசி வாக்குவாதம் அதோடு நிற்கும். ஆனால் பாக்கி கேட்டுத் தானாகப் போகும் நினைவூட்டலை முதல் நாளே அணைத்துவிடுங்கள். பத்து வருடமாக வரும் மேஸ்திரிக்கு, மனைவி பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் "உங்கள் பாக்கி 18,400" என்று செய்தி போனால், மறுநாள் அவர் எதிர்க்கடையில் நிற்பார். கேட்பதை நீங்களே வாயால் கேளுங்கள். ஆப் வேலை எழுதி வைப்பது மட்டும்.

சரக்குதான் பிரச்சினை என்றால் கொஞ்சம் கஷ்டம். இங்கே நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். வியாசர்பாடியில் உங்களுடையதைப் போன்ற ஒரு கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கச் சொல்லி, இருந்த 2,800 சொச்சம் பொருளையும் ஏற்ற வைத்தேன். அதற்கே ஒரு மாதம் போயிற்று. அடுத்த மூன்றாவது வாரம் பார்த்தால் பாதிப் பொருளின் இருப்பு மைனஸில் நிற்கிறது. சாயங்காலக் கூட்டத்தில் பையன்கள் அரை இஞ்ச் டீயை (மூன்று பைப்பை இணைக்கும் துண்டு) முக்கால் இஞ்ச் என்று தட்டிவிட்டார்கள். வந்த சரக்கை யாரும் வரவு வைக்கவில்லை. சாஃப்ட்வேர் மேல் ஒரு குறையும் இல்லை. அந்தக் கடையால் செய்ய முடியாத வேலையை நான்தான் அதன் தலையில் கட்டினேன்.

அதனால் நீங்கள் எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். வேகமாகப் போகிற 150, 200 பொருள் எவை என்று உங்களுக்கே மனப்பாடம். விலை கூடியவற்றையும் சேர்த்து அதை மட்டும் ஏற்றுங்கள்: வயர், எம்சிபி (மின்சாரம் அதிகமானால் தானே அணையும் சுவிட்ச்), ஃபேன், மோட்டார், நல்ல கம்பெனிக் குழாய்கள். ஸ்க்ரூ, கிளாம்ப், டெஃப்லான் டேப்பை யாராலும் எண்ண முடியாது, எண்ண வேண்டியதும் இல்லை. இதே காரணத்தால் ஸ்கேனரையும் தள்ளிப் போடலாம். கோணியில் கிடக்கும் பிவிசி எல்போவில் பார்கோடு எங்கே இருக்கிறது?

விற்க வந்தவரிடம் ஒரே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். 90 மீட்டர் வயர் காயில் (சுருள்) ஒன்றை வரவு வைத்து, அதிலிருந்து 12 மீட்டர் வெட்டி விற்றதாக பில் போட்டு, மீதி 78 மீட்டர் என்று காட்டட்டும். காயிலாக வாங்கி மீட்டராக விற்பதற்கு வசதி இல்லாத சாஃப்ட்வேரை உங்கள் கடைக்குள் விடாதீர்கள். இந்தச் சோதனையை அவர் செய்யக்கூடாது, உங்கள் பையன் செய்ய வேண்டும். அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்கு, கல்லா முன்னால் நாலு பேர் நிற்கும்போது.

வரி விஷயத்தில் உங்களுக்குத் தேவை குறைவு. நீங்கள் காம்போசிஷன் என்பதால் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது. கொடுக்க வேண்டியது 'பில் ஆஃப் சப்ளை', அதாவது வரி சேர்த்துக் காட்டாத பில். அதன் தலைப்பில் நீங்கள் காம்போசிஷன் வியாபாரி, வரி வசூலிக்கத் தகுதி இல்லை என்ற வாசகம் வர வேண்டும். சாஃப்ட்வேரில் இந்த வடிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். இ-இன்வாய்ஸ் (அரசு இணையதளத்தில் பதிவாகும் பில்) வசதி இருக்கிறது என்று அவர் பெருமையாகச் சொல்லியிருப்பார். அது வருட வியாபாரம் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு. இன்னொன்று: 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனையில், ஜிஎஸ்டி பதிவு இல்லாத வாடிக்கையாளர் கேட்காவிட்டால் தனி பில் வேண்டாம், அன்றைய தினத்துக்கு எல்லாம் சேர்த்து ஒரே பில் போட்டுவிடலாம். பத்து ரூபாய் வாஷருக்கெல்லாம் பில் போட வேண்டுமே என்ற பயம்தான் பாதிப் பேரை கம்ப்யூட்டர் வாங்க வைக்கிறது.

சரி, இனி என்னென்ன கருவி வாங்குவது என்ற விஷயம். வியாபார் மாதிரி பில்லிங் ஆப்கள் ஆண்ட்ராய்டு போனிலேயே ஓடும். எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் ஒரு சின்ன புளூடூத் தெர்மல் பிரிண்டர் வாங்கிக்கொண்டால் போதும், சில ஆயிரத்தோடு முடிந்துவிடும். தெர்மல் பேப்பரில் எழுத்து நாளாக ஆக மங்கும். ஃபேன், மோட்டார் மாதிரி வாரண்டி உள்ளவற்றுக்கு பில்லை வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள். யுபிஐ பணத்துக்கு ஒலிபெருக்கிப் பெட்டி வைப்பதில் எனக்குச் சம்மதமே. திருவொற்றியூர் நெடுஞ்சாலை லாரி இரைச்சலில் போன் சத்தம் எங்கே கேட்கிறது? பணம் போட்டுவிட்டதாகப் பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மாத வாடகை எவ்வளவு என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், வடசென்னையில் கடை வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லாமல் விட முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் புகுந்த கடைகளில் கடன் நோட்டு கூழாகிப் போனதைப் பார்த்தேன். தரையில் வைத்திருந்த கம்ப்யூட்டரும் அதே கதிதான். கணக்கு கடைக்குள் மட்டும் இருக்கக்கூடாது. ஆப்பில் தினசரி பேக்கப் உங்கள் கூகுள் டிரைவுக்குப் போகிறதா என்று மகளைப் பார்த்துத் தரச் சொல்லுங்கள். கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்பதையும் காசு கட்டுவதற்கு முன் செய்து பாருங்கள். நாளை வேறு சாஃப்ட்வேருக்கு மாற நினைத்தால் அது ஒன்றுதான் கை கொடுக்கும்.

ஆப்பைப் பையனின் போன் நம்பரில் தொடங்க வேண்டாம். கடைக்கென்று ஒரு சிம் உங்கள் பெயரில் வாங்கி அதில் தொடங்குங்கள். பையன் வேலையை விட்டுப் போகும் நாளில் ஓடிபி அவன் போனுக்குப் போய்க்கொண்டிருந்தால், கணக்கைத் திறக்க நீங்கள் அவன் வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.