மூக்குக் குத்தும் விமானம்

கேள்வி: நுரையில் செய்த ரிமோட் பயிற்சி விமானம் வாங்கினேன். கையால் வீசியதும் தலையைத் தூக்கி, ஒரு கணம் நின்று, குப்புற விழுந்தது. மோட்டாரில் சக்தி போதவில்லையா?

பதில்: மோட்டார் மேல் பழி போடாதீர்கள். பேட்டரியை எங்கே வைத்தீர்கள்? இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, பின்விளிம்பு வரையுள்ள அகலத்தில் கால் பங்கு பின்னே தள்ளி, இரண்டு விரல் நுனியில் விமானத்தைத் தாங்கிப் பாருங்கள். மட்டமாக நிற்கலாம், மூக்கு லேசாகத் தாழலாம். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். என் முதல் விமானமும் இதே கூத்தைத்தான் ஆடியது. பேட்டரி ஒரு விரல்கடை பின்னால் இருந்தது, அவ்வளவுதான்!

வீசுவது காற்றுக்கு எதிரே, மட்டமாக. ஆர்வத்தில் வானத்தைப் பார்த்து எறிந்துவிடுகிறோம்.

இன்னொன்று. விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிவிடும். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே ரிமோட்டின் குச்சியைத் தள்ளுங்கள், நிமிரும். கணினி சிமுலேட்டரில் இதைப் பழகவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

உடைந்த மூக்கை ஒட்டுவீர்கள் அல்லவா? சாதாரண தெர்மாகோலை சூப்பர் க்ளூ கரைத்துவிடும், மாடல் விமானங்களுக்குப் பயன்படும் இ.பி.ஓ. என்ற நுரை தாங்கும். எதற்கும் உதிர்ந்த துணுக்கில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.