“ஆம்பளப் புள்ள மாதிரி கணக்கு போடுது!”

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கில் நூறு வாங்கி வந்தால் என் மாமனார், “எம் பேத்தி ஆம்பளப் புள்ள மாதிரி கணக்கு போடுது” என்று தெருவுக்கே சொல்கிறார். எனக்கு உறுத்துகிறது. கேட்டால், “பாராட்டுனாகூடத் தப்பா?” என்கிறார். எங்களுடையது வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கணக்கு வழக்கெல்லாம் மாமியார்தான். நான் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேனா?
– ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: இல்லை. உங்களுக்குச் சரியாகத்தான் உறுத்துகிறது.

பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது உங்கள் சேலத்தில்தான். அங்கே ஒரு தாத்தா பேத்தியின் மார்க்கைச் சொல்லிப் பூரிப்பது எனக்குச் சந்தோஷமே. ஆனால் அந்தப் பாராட்டு குழந்தையின் காதில் எப்படி விழும்? கணக்கு ஆண் பிள்ளைகளுக்கு உரியது, தனக்கு எப்படியோ வாய்த்துவிட்டது என்றுதான்.

அவள் வயதும் அப்படி. 2017-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், படங்களைக் காட்டி “இதில் ரொம்ப ரொம்பப் புத்திசாலி யார்?” என்று கேட்டார்கள். ஐந்து வயதில் சிறுவர்கள் ஆண்களைக் காட்டிய அளவுக்குச் சிறுமிகளும் பெண்களைக் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் அப்படிக் காட்டிய சிறுமிகள் குறைந்துவிட்டார்கள். இத்தனைக்கும், நல்ல மார்க் வாங்குவது பெண் பிள்ளைகள் என்று அந்தச் சிறுமிகளே சொன்னார்கள்! ஆகவே நூறு வாங்குகிறாளே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

சரி, “பெண்கள் கணக்கில் ஆண்களுக்கு நிகர்” என்று சொல்லித் தரலாமா? அதிலும் ஆண்தான் அளவுகோல். இந்த மாதிரி வாக்கியத்தைப் படித்த பெரியவர்களே, கணக்கு ஆண்களுக்குத்தான் இயல்பாக வரும் என்று எடுத்துக்கொண்டதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2018-இல் எழுதினார்கள். “பொம்பளப் புள்ளைங்கதான் கணக்குல புலி” என்று திருப்பிப் போடுவதும் உதவாது. ஒரு விளையாட்டில் பையன்கள் கெட்டி, பெண்கள் கெட்டி என்று எதைச் சொன்னாலும், கேட்ட குழந்தைகள் சரியாகச் செய்யவில்லை என்கிறது 2012-இல் வந்த ஓர் ஆய்வு. உயர்த்திச் சொல்லப்பட்ட பக்கத்துக் குழந்தைகளுக்கும் அதே கதிதான்.

நோட்டைத் திறந்து பாருங்கள். கடன் வாங்கிக் கழிக்கும்போது பத்தாம் இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்து, அப்புறம் அடித்துத் திருத்தியிருப்பாள். “இங்க தப்புன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?” என்று கேளுங்கள். அதுதான் பாராட்டு. மாமனாரிடமும் இதைத் தனியாகச் சொல்லுங்கள். பேத்தி முன்னால் வேண்டாம்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது உங்கள் மாமியாரை நினைத்துத்தான். வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, கொலுசாகத் திரும்பி வரும்போது மறுபடி நிறுத்து, சேதாரம் கழித்து, கூலி போடுகிறவர். அதை உங்கள் வீட்டில் யாராவது கணக்குத் திறமை என்று சொன்னதுண்டா? அடுத்த லீவில் மகளை அவருடைய தராசுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். சேதாரத்தை அவளே கழித்துச் சொல்லட்டும். தப்பினால் பாட்டி திருத்தட்டும்.