பத்திரத்தில் அந்த ஒரு வரி

கேள்வி: 2016-ல் எச்-1பி விசாவில் வந்தோம். சியாட்டிலின் வடக்கே வீடு பேசி முடித்தாயிற்று. 1920களின் பத்திர நகலில், ‘ஆசியரோ கறுப்பினத்தவரோ குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலையாட்கள் தவிர’ என்றிருக்கிறது. வில்லங்கமா? இதற்கு ஈடாக இந்தியர்களுக்கும் அரசு உதவி உண்டாமே?

பதில்: தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள். இப்படிப்பட்ட நிபந்தனையை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாதென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-லேயே சொல்லிவிட்டது. விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்ப்பதையே 1968 சட்டம் தடைசெய்தது. வீடு உங்கள் பெயருக்கு வந்ததும் கிங் கவுண்டி (உங்கள் மாவட்டம்) பதிவு அலுவலகத்தில் திருத்த ஆவணம் பதிந்து அந்த வரியை நீக்கிக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. பழைய பத்திரம் மட்டும் ஆவணக் காப்பில் அப்படியே கிடக்கும். கிடக்கட்டும் என்பேன்.

ஏனென்றால் நகரத்தில் யார் எங்கே வாழலாம் என்று பிரித்ததே அந்த மாதிரி வரிகள்தான். மற்ற பக்கமெல்லாம் கதவடைத்ததில் கறுப்பினத்தவருக்கு மிஞ்சியது டவுன்டவுனுக்குக் கிழக்கே சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட். அதையும் 1936-ல், எந்தப் பகுதிக்குக் கடன் கொடுப்பது ஆபத்து என்று காட்டும் வரைபடத்தில் சிவப்பாக்கினார்கள். அங்கே வீட்டுக்கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்தப் பகுதியில்தான் 1968-ல் லிபர்ட்டி வங்கி பிறந்தது. அமெரிக்காவின் வடமேற்கில் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான முதல் வங்கி அது. 1970களில் அங்கே பத்தில் ஏழு பேர் கறுப்பினத்தவர். இன்று இரண்டு பேர்கூடத் தேறாது. மென்பொருள் சம்பளம் (நம்முடையதும்தான்) வந்து விலையை ஏற்ற, சொத்து வரிக்கும் வாடகைக்கும் ஈடுகொடுக்க முடியாதவர்கள் தெற்கே கென்ட், ரென்டன் பக்கம் போனார்கள். வங்கி இருந்த இடத்தில் 2019-ல் குறைந்த வருமானக்காரர்களுக்கு 115 வாடகை வீடுகள் வந்தன. போனவர்களின் எண்ணிக்கைக்கு முன் அது சொற்பம்.

உதவி விஷயம் உண்மைதான். வாஷிங்டன் மாநிலம் 2023-ல் சட்டம் போட்டு, 2024 ஜூலை முதல் முதன்முறை வீடு வாங்குவோருக்கு முன்பணத்துக்கு வட்டியில்லாக் கடன் தருகிறது. தகுதியுள்ள இனங்களின் பட்டியலில் கறுப்பினத்தவரோடு இந்திய வம்சாவளியினரும் உண்டு. ஆனால் வாங்குபவரோ அவருடைய பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத்தாத்தா பாட்டியில் ஒருவரோ 1968 ஏப்ரலுக்கு முன்பே இந்த மாநிலத்தில் வாழ்ந்திருக்க வேண்டும்; வருமான வரம்பும் உண்டு. 2016-ல் வந்த உங்களுக்குக் கிடைக்காது. அந்த நிதிக்காகப் பதிவின்போது வாங்கும் 100 டாலர் உங்கள் செலவுக் கணக்கில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் இந்தியர் யாருடைய தாத்தாவாவது 1960களில் இங்கே போயிங்கில் வேலை பார்த்தவர் என்றால், இந்தத் திட்டத்தை அந்தப் பேரப்பிள்ளை காதில் போட்டு வையுங்கள்.