ரயிலில் ஒரு குழு நம் பெர்த்தைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

கல்யாணக் கூட்டமோ சுற்றுலாக் குழுவோ ஸ்லீப்பர் கோச்சில் ஏறினால் மொத்த வரிசையும் அவர்களுடையதாகிவிடும். கும்பலோடு வாதாடுவது வீண். டிக்கெட் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் மட்டும் பேசுங்கள். "எங்க பெர்த் ஒண்ணு அடுத்த கோச்ல இருக்கு, அங்க போங்க" என்றால் டிக்கெட் பரிசோதகரான டிடிஇயிடம் சொல்லாமல் நகராதீர்கள். அவர் நீங்கள் வரவில்லை என்று குறித்து, அந்த இடத்தை ஆர்ஏசி (முழு பெர்த் கிடைக்காமல் உட்கார இடம் மட்டும் பெற்ற) பயணிக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் நீங்கள்தான் அலைய வேண்டும்.

மசியவில்லையா? ரயில்வே உதவி எண் 139க்கு அழைத்தோ ரயில் மதத் செயலியிலோ பிஎன்ஆர், கோச், பெர்த் எண்களைக் கொடுங்கள். 1989 ரயில்வே சட்டத்தின் 155ஆம் பிரிவுப்படி, ரயில்வே ஊழியர் சொல்லியும் எழ மறுப்பவரை அவர் அப்புறப்படுத்தலாம், அபராதமும் உண்டு.

ஆனால் படுக்கும் உரிமை இரவு 10 முதல் காலை 6 வரைதான். பகலில் லோயர் பெர்த்தில் மிடில், அப்பர்காரர்கள் உட்காருவதைப் புகாராக்க முடியாது.