நீர்ப் பூங்காவில் முகக்கவசம்: எங்கே கட்டாயம், எங்கே ஆபத்து?

வாசகர் ஒருவரின் கேள்வி: பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் நடப்பில் இருக்கும் நிலையில், ராட்டினங்களும் நீர்ச் சறுக்குகளும் ஒரே வளாகத்தில் உள்ள பூங்கா ஒன்றுக்குச் செல்ல முன்பதிவு செய்திருக்கிறேன். 4 வயது மகள், 9 வயது மகன், 68 வயதான என் அம்மா ஆகியோர் உடன் வருகிறார்கள். “வளாகத்துக்குள் எல்லா நேரமும் முகக்கவசம் கட்டாயம்” என்று நுழைவுச்சீட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். அப்படியானால் தண்ணீருக்குள்ளும் அணிய வேண்டுமா? ரோலர் கோஸ்டரில் அது பறந்துவிடாதா? பிள்ளைகளுக்கு எந்த வயதிலிருந்து கட்டாயம்? ஒரு நாளைக்கு எத்தனை முகக்கவசம் கொண்டு போவது?

பதில்: உங்கள் முதல் கேள்வியில் உயிராபத்து இருப்பதால் அதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் இறங்கும் எவரும், எந்த வயதினராக இருந்தாலும், முகக்கவசம் அணியக் கூடாது. “எல்லா நேரமும்” என்ற சொற்கள் நுழைவுச்சீட்டில் இருப்பது உண்மைதான். ஆனால் அவை உலர்ந்த இடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கோவிட் காலத்தில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் முகக்கவசத்தைப் பல மாதங்கள் வலியுறுத்தி வந்தபோதே, நீச்சலின்போதும் முகக்கவசம் நனையக்கூடிய பிற செயல்களின்போதும் அதை அணிய வேண்டாம் என்று தெளிவாக அறிவுறுத்தியிருந்தது.

இதற்கான காரணத்தை நீங்கள் வீட்டிலேயே கண்டுகொள்ளலாம். துணி முகக்கவசம் ஒன்றைத் தண்ணீரில் முக்கி எடுத்து, காதில் மாட்டாமல், கையால் மட்டும் வாய்க்கும் மூக்குக்கும் நேரே பிடித்துக்கொண்டு ஒருமுறை மூச்சை இழுத்துப் பாருங்கள். துணி உதடுகளோடு வந்து ஒட்டிக்கொள்ளும். காற்று வராது, துளித்துளியாகத் தண்ணீர்தான் வரும். உலர்ந்த துணியில் நூலிழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாகவே நாம் சுவாசிக்கிறோம். நனைந்தவுடன் அந்த இடைவெளிகளைத் தண்ணீர் நிரப்பிவிடுகிறது. நிரப்பிய தண்ணீரை நம் மூச்சின் விசை எளிதில் வெளியே தள்ளிவிட முடியாது. கையில் பிடித்திருக்கும் உங்களால் உடனே அதை விலக்கிவிட முடிகிறது. சறுக்கிலிருந்து குளத்துக்குள் விழுந்து, திசை தெரியாமல் தடுமாறும் 9 வயதுச் சிறுவனுக்கு, காதுகளில் மாட்டிய நாடாவை முதலில் கழற்ற வேண்டும் என்ற நினைவு வருமா என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பெற்றோர் பலரும் இதைக் கவனிப்பதில்லை. மூழ்கத் தொடங்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும்; மூச்சு விடவே நேரம் போதாத நிலையில் குரல் எழுப்ப வழியில்லை. குளக்கரையில் நிற்கும் உயிர்காப்பாளர் அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஆபத்தை உணர்கிறார். முகத்தில் பாதியைத் துணியால் மறைத்துவிட்டால், அவர் பார்க்க வேண்டிய அடையாளத்தையே நாம் மறைத்துவிடுகிறோம்.

அப்படியானால் முகக்கவசம் இல்லாமல் தண்ணீரில் இருப்பது தொற்றுக்கு வழிவகுக்காதா என்று கேட்பீர்கள். தண்ணீரால் வரும் ஆபத்து மிகக் குறைவு. நீரில் லிட்டருக்கு குறைந்தது 0.5 மில்லிகிராம் தனிக் குளோரின் எஞ்சியிருந்து, கார அமில அளவு 8-க்குக் கீழே இருந்தால், 30 நிமிடத் தொடர்பில் கிருமிகள் போதிய அளவு அழிந்துவிடும் என்பது குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் கடைப்பிடிக்கும் அளவுகோல். ஒழுங்காகப் பராமரிக்கப்படும் குளத்தின் நீரிலிருந்து கோவிட் கிருமி பரவியதாகச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் நீரின் மேலே இருக்கும் காற்றுக்குக் குளோரினின் பாதுகாப்பு கிடையாது. அலைக்குளத்தில் தோளோடு தோள் உரச நின்று, ஒருவர் முகத்துக்கு நேரே இன்னொருவர் சிரித்துக் கூவினால், குளோரின் எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஆகவே தண்ணீருக்குள் உங்களுக்குள்ள ஒரே கவசம் இடைவெளிதான். வேற்றுக் குடும்பத்தினரிடமிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளியிருங்கள். அது முடியாத அளவுக்குக் கூட்டம் இருந்தால் அந்தக் குளத்தைத் தவிர்த்துவிடுங்கள். கூரையிட்டு மூடிய உள்ளரங்கக் குளத்தில் இந்த எச்சரிக்கை இருமடங்கு வேண்டும்.

என் கணிப்பில், நீர்ப் பூங்காவில் தொற்று கைமாறுவதற்கு மிகவும் ஏற்ற இடம் சறுக்கு அன்று, சறுக்குக்கு ஏறும் படிக்கட்டு. உயரமான சறுக்கு ஒன்றின் படிக்கட்டை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். குறுகலான படிகளில் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள்; கீழ்ப்படியில் நிற்பவரின் முகம் மேற்படியில் நிற்பவரின் முதுகுக்கு நேரே இருக்கிறது; எல்லோரும் ஏறிவந்த களைப்பில் மூச்சு வாங்குகிறார்கள்; வரிசை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு படி நகர்கிறது. எல்லோரும் நனைந்திருப்பதால் யாரிடமும் முகக்கவசம் இல்லை. விதி எழுதுபவர்களுக்கும் இது சங்கடமான இடம்தான்: அணியச் சொன்னால், உச்சியில் அதைக் கழற்றி எங்கே வைப்பது? பையில் திணித்துக்கொண்டு சறுக்கினால் அது குழாய்க்குள் நழுவிவிடும். கழுத்தில் தொங்கவிட்டால் அதைவிட ஆபத்து. இதற்கு நல்ல தீர்வு, வரிசையையே இல்லாமல் ஆக்குவது. ஆர்லாண்டோவில் 2017-இல் திறக்கப்பட்ட வால்கேனோ பே நீர்ப் பூங்காவில், கையில் கட்டும் பட்டை ஒன்றின் வழியாக முறை வரும்போது அழைக்கும் ஏற்பாடு தொடக்கம் முதலே இருந்தது. காத்திருக்கும் சலிப்பைப் போக்கக் கொண்டுவந்த அந்த ஏற்பாடு, பெருந்தொற்றுக் காலத்தில் கூட்டத்தைக் கலைக்கவும் உதவக்கூடியது. நீங்கள் செல்லும் பூங்காவில் இத்தகைய வசதி உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். இல்லையென்றால் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் சறுக்குகளை முடித்துக்கொண்டு, கூட்டம் சேர்ந்தபின் திறந்தவெளிப் பகுதிகளுக்கு மாறிக்கொள்வதே நல்லது. படிக்கட்டில் நிற்க வேண்டி வந்தால் இடையில் நான்கைந்து படிகளாவது விட்டு நில்லுங்கள்; பேச்சைக் கீழே இறங்கியபின் வைத்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

உடை மாற்றும் அறையும் லாக்கர் பகுதியும் இதே வகையைச் சேர்ந்தவை: மூடிய அறை, ஈரமான காற்று, நெருக்கம். நீரிலிருந்து வெளியே வந்ததும் முகத்தையும் கைகளையும் நன்றாகத் துடைத்து, உலர்ந்த முகக்கவசம் அணிந்தபின் இவற்றுக்குள் நுழையுங்கள். ஈர முகத்தில் அணிந்தால் சில நிமிடங்களிலேயே உட்புறம் நனைந்துவிடும் என்பதால் துடைப்பதில் அவசரம் வேண்டாம்.

இனி ரோலர் கோஸ்டர். உலர்ந்த சவாரிகளில் முகக்கவசம் இருந்தே ஆக வேண்டும். வேகமாக ஓடும் வண்டியில் காற்று அடித்துச் சென்றுவிடும் என்ற எண்ணம் பாதிதான் சரி. ஏறுமிடமும் இறங்குமிடமும் நெருக்கமானவை, உயரத்துக்கு இழுத்துச் செல்லும்போது வண்டி மெல்லத்தான் நகர்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே எல்லோரும் அலறுகிறார்கள். குரல் உயர உயர வாயிலிருந்து வெளிப்படும் நுண்துளிகளின் எண்ணிக்கையும் உயர்கிறது. ஜப்பானில் 2020-இல் பூங்காக்கள் மீண்டும் திறந்தபோது, சவாரியில் கத்த வேண்டாம் என்றே பார்வையாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஃபுஜி-கியூ ஹைலேண்ட் பூங்காவின் அதிகாரிகள் இருவர் கோட்டு அணிந்து, முகக்கவசத்துடன், ஃபுஜியாமா ரோலர் கோஸ்டரில் முகத்தில் சலனமின்றி அமர்ந்து சென்ற காணொளி அந்த ஜூலையில் உலகெங்கும் பரவியது. பிள்ளைகளை அவ்வாறு இருக்கச் சொல்வது நடக்காத காரியம். முகக்கவசம் மூக்கையும் தாடையையும் முழுதாக மூடியிருக்கிறதா என்று பார்த்து அனுப்பினால் போதும்.

பறந்துவிடாமல் இருக்க, தலைக்குப் பின்னால் கட்டும் நாடாக்கள் உள்ள வகையே சிறந்தது. காது நாடா வகைதான் கையில் இருக்கிறதென்றால், இரு நாடாக்களையும் பிடரியில் ஒரு கொக்கியால் இணைத்துக்கொள்ளலாம். கழுத்தில் மாலைபோல் தொங்கவிடும் கயிறுகளை ராட்டினத்திலோ சறுக்கிலோ பிள்ளைகளுக்கு ஒருபோதும் மாட்டாதீர்கள்; எதிலாவது சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். கழுத்திலிருந்து இழுத்துவிடும் குழல் போன்ற துணி, முகத்தில் கட்டிய கைக்குட்டை, வால்வு பொருத்திய முகக்கவசம் ஆகியவற்றை டிஸ்னி பூங்காக்கள் 2020-இல் ஏற்கவில்லை. வால்வு வெளிமூச்சை வடிகட்டாமல் விட்டுவிடுகிறது. கைக்குட்டை கீழ்ப்புறம் திறந்தே இருக்கிறது. ஓடும் வண்டியில் முகக்கவசம் பறந்துபோனால் எட்டிப் பிடிக்க முயலக் கூடாது என்பதை மகனிடம் இரண்டு முறை சொல்லுங்கள். தண்ணீர் வாரியிறைக்கும் படகுச் சவாரிகள் இரண்டுக்கும் நடுவே நிற்பவை. இலேசாகத் தெறிக்கும் என்றால் அணிந்து சென்று இறங்கியதும் மாற்றிக்கொள்ளலாம். முகம் முழுக்க நனையும் என்றால் அதைச் சறுக்காகவே கருதுங்கள்.

பிள்ளைகளின் வயது குறித்து இரண்டு வேறு அளவுகோல்கள் இருப்பதால்தான் குழப்பம் நேர்கிறது. 2020 ஆகஸ்ட் 21 அன்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 வயது வரையுள்ள குழந்தைகளைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. 6 முதல் 11 வயது வரை பரவலின் அளவு, பெரியவர்களின் மேற்பார்வை முதலியவற்றைப் பொறுத்து முடிவு செய்யலாம். 12 வயதிலிருந்து பெரியவர்களுக்கு உரிய விதியே பொருந்தும். அமெரிக்க மையமோ 2 வயதிலிருந்தே பரிந்துரைத்தது. அங்குள்ள பூங்காக்கள் பலவும் அதையே பின்பற்றின. ஆக, உங்கள் மகன் அணிவதே முறை. உங்கள் மகளின் நிலை நீங்கள் செல்லும் பூங்கா எந்த அளவுகோலை ஏற்றிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அவளுக்கும் கட்டாயம் என்றால், ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் விளையாட்டாகப் பழக்குங்கள். தானே கழற்றத் தெரியாத குழந்தைக்கு அணிவிக்கக் கூடாது என்பது எல்லா விதிகளுக்கும் மேலான விதி. தள்ளுவண்டியில் அவள் உறங்கிவிட்டால் உடனே கழற்றிவிடுங்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. 60 வயதைக் கடந்தவர்கள், இடைவெளி காக்க முடியாத இடங்களில் துணி முகக்கவசத்தைவிட மருத்துவ முகக்கவசமே அணிய வேண்டும் என்று 2020 ஜூனிலேயே உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. என்95 கிடைத்தால் அது இன்னும் மேல். அவர் நிழலான திறந்தவெளியில் அமர்ந்திருக்கட்டும். இருட்டறைச் சவாரிகளும் முப்பரிமாணக் காட்சி அரங்குகளும் அவருக்கு வேண்டாம். சாப்பிடும்போது எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றுவார்கள் என்பதால், உணவகத்தின் உள்ளே அமர்வதைவிட வெளியே அமர்வதும், கூட்டம் கூடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முந்தியே உண்பதும் அவருக்குப் பெரிய பாதுகாப்பு.

எண்ணிக்கைக் கணக்குக்கு வருவோம். நீரில் இறங்கும் ஒவ்வொருவருக்கும், நுழையும்போது ஒன்று, நீரிலிருந்து வந்ததும் ஒன்று, மீண்டும் நனைந்து வந்தால் ஒன்று, திரும்பும் பயணத்துக்கு ஒன்று, கைவசம் ஒன்று என ஐந்து வேண்டும். அம்மாவுக்கு மூன்று போதும். வியர்வையில் நனைந்தாலும் நனைந்ததுதான், மாற்றிவிடுங்கள். உலர்ந்தவற்றை ஒவ்வொருவர் பெயரும் எழுதிய காகித உறைகளிலும், ஈரமானவற்றை மூடக்கூடிய பிளாஸ்டிக் பையிலும் தனித்தனியே வையுங்கள். குடும்பத்தில் ஒருவர் நனையாமல் கரையில் இருந்து இவற்றைக் காப்பது நல்லது. உங்கள் அம்மாவே அதற்குப் பொருத்தமானவர். துணி முகக்கவசங்களை வீட்டில் சோப்பிட்டு, முடிந்தால் 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம். என்95-ஐத் துவைக்கக் கூடாது. அதன் இழைகளில் ஏற்றப்பட்டிருக்கும் மின்னூட்டமே நுண்துகள்களை ஈர்த்துப் பிடிக்கிறது, சோப்பில் நனைந்தால் அது போய்விடும்.

புறப்படும் நாள் காலையில் பூங்காவின் விதிகளை மறுபடி ஒருமுறை பாருங்கள். ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்ட் 2020 ஜூலையில் திறந்தபோது 2 வயதிலிருந்து எல்லோருக்கும் முகக்கவசம் கட்டாயமாக இருந்தது. 2021 மே மாத நடுவில் வெளியிடங்களில் தளர்ந்தது. ஜூனில் தடுப்பூசி முழுமையாகச் செலுத்திக்கொண்டவர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் விலக்கப்பட்டது. ஜூலை இறுதியில் உள்ளரங்குகளில் எல்லோருக்கும் திரும்ப வந்தது. சில வாரங்களுக்கு முன் முன்பதிவு செய்த சீட்டில் உள்ள விதி இன்றைய விதியாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

சறுக்கின் உச்சியில் நிற்கும் ஊழியர் யாராவது “எல்லா நேரமும்” என்ற வரியைக் காட்டி, முகக்கவசத்துடனேயே இறங்கச் சொன்னால், அவரிடம் வாதாட வேண்டாம்; மேற்பார்வையாளரை அழைக்கச் சொல்லுங்கள். அவரும் அதையே சொன்னால், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு படி வழியே கீழே இறங்கி வந்துவிடுங்கள்.